முதுகில் போடும் அந்த ஊசி

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பும் கண்டால், பெற்றோர் குளுவாங் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். மூளையுறை அழற்சியாக இருக்கலாம், முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். “முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காமப் போயிடுமாமே, டாக்டர்?” குழந்தை மருத்துவரான நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

இதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊசி போட்டபின் நடக்க முடியாமற்போன குழந்தையை யாரோ கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் அக்குழந்தையை முடக்கியது பெரும்பாலும் நோய்தான். பழி ஊசிமேல் விழுந்தது. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே முடிகிறது, கைக்குழந்தைக்குச் சற்றுக் கீழே. ஊசி நுழைவது அதற்கும் கீழே, நரம்பிழைகள் மட்டும் நீரில் மிதக்கும் இடத்தில். குவின்க்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1891இல் விவரித்த முறை இது. சில நாள் தலைவலியோ முதுகுவலியோ வரலாம். கசிவும் தொற்றும் மிக அரிது.

அந்தச் சில துளி நீர் ஏன் இவ்வளவு முக்கியம்? எந்தக் கிருமி என்று காட்டுவது அதுதான். வைரஸால் வந்த அழற்சி பெரும்பாலும் தானே ஆறிவிடும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவோ சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. பாக்டீரியா மூளையுறை அழற்சி கண்டவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் செவிட்டுத்தன்மை, வலிப்பு போன்ற கடும் பாதிப்பு தங்கிவிடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காசநோய்க் கிருமி வாரக்கணக்கில் மெல்லப் பரவும். அதற்கு ஓராண்டளவு மருந்து வேண்டும்.

நீர் எடுக்காமலே மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. முதல் மருந்தை நாங்கள் எதற்காகவும் தாமதிப்பதில்லை. மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் ஊசியை நாங்களே தள்ளிப்போடுவோம். ஆனால் கிருமி தெரியாவிட்டால், வைரஸ் கண்ட குழந்தை வாரக்கணக்கில் வீணாக ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு கிடக்கும். காசநோய் கண்ட குழந்தை தவறான மருந்தில் நாள்களை இழக்கும்.

தடுப்பூசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மலேசியாவில், இதே அழற்சியைத் தரும் ஹிப் பாக்டீரியாவுக்கான தடுப்பூசி 2002இலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பரிலும் தேசியத் திட்டத்தில் சேர்ந்தன. இரண்டாவது, 2020இலிருந்து பிறந்தவர்களுக்கெனத் தொடங்கப்பட்டது. மூத்த பிள்ளைகள் பலருக்கு அந்தக் காப்பு இல்லை.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவத்தை நீட்டுமுன், முதுகெலும்பைத் தாளில் வரைந்து, தண்டுவடம் எங்கே முடிகிறது, ஊசி எங்கே நுழைகிறது என்று பெற்றோருக்குப் புரியும் மொழியில் காட்டுங்கள்.