எலும்பின் மேல் இசை: திருட்டு இசைத்தட்டு ஏன் இரைகிறது?

இன்று மருத்துவம் கொஞ்சம், இசை நிறைய. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஓபியில் ஒருவர் மொபைலை நீட்டினார். "அம்மாவோட கை எக்ஸ்ரே சார், பாத்து சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ. அண்ணன் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பி, தம்பி இவருக்கு அனுப்பி, என்னிடம் வந்து சேரும்போது எலும்பு தெரிகிறது. மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஒரிஜினல் பிலிம் எங்க?"

எல்பி ரெக்கார்டு வாங்கும் ஆசை வந்திருக்கும் உங்களையும் இதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

உரிமை வாங்காமல் அச்சடிக்கும் தட்டுக்கு "பூட்லெக்" என்று பெயர். வாங்கிப் போட்டுப் பார்த்து, சத்தம் மங்கலாக இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஊசியை மாற்றுகிறோம். ப்ளேயரை மாற்றுகிறோம். ஆனால் பல நேரம் நோய் அங்கே இல்லை.

இதற்கு எக்ஸ்ரே பிலிமிலேயே ஒரு வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் ரஷ்யா. மேற்கத்திய ஜாஸ், நாட்டை விட்டுப் போன ரஷ்யப் பாடகர்களின் பாட்டு இதெல்லாம் கடையில் கிடைக்காது. ருஸ்லான் போகஸ்லோவ்ஸ்கி என்ற லெனின்கிராடு இளைஞர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து, அதே போல் சொந்தமாக ஒன்று செய்தார்.

கருவி ரெடி. பாட்டைச் செதுக்கத் தட்டு வேண்டுமே?

ஆஸ்பத்திரிகளில் பழைய எக்ஸ்ரேக்கள் குவிந்து கிடந்தன. அதை வாங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதன் மேல் பாட்டைச் செதுக்கினார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்பின் மேல் ஜாஸ் ஓடும்! மக்கள் அதற்கு வைத்த பெயரே "எலும்பின் மேல் இசை".

சத்தம் எப்படி இருக்கும்? ஒரே இரைச்சல். காரணம் இதுதான்.

எக்ஸ்ரே பிலிம் மெல்லியது, மென்மையானது. ஆழமான பள்ளம் வெட்ட முடியாது. கனமான கிராமபோன் ஊசி ஓட ஓட, பள்ளம் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதோடு, பாட்டை எடுத்ததே ஏற்கெனவே பலமுறை ஓடித் தேய்ந்த இன்னொரு தட்டிலிருந்து. அதிலிருந்த கீறல் சத்தமும் சேர்ந்தே நகலாகும்.

இதற்காகப் போகஸ்லோவ்ஸ்கி 1950ல் கைதானார். ஸ்டாலின் மறைந்த பிறகுதான் வெளியே வந்தார்.

"சரி டாக்டர், அது பிலிம். நல்ல வினைலில் அச்சடித்தால் பிரச்சனை தீர்ந்துடுமே?"

தீராது.

1969ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற பூட்லெக் வந்தது. பெயர் அச்சிடாத வெள்ளை உறை. உள்ளே பாப் டிலனின் வெளிவராத பாடல்கள். தட்டு அசல் வினைல்தான். ஆனால் அதில் இருந்த 1967ம் வருடப் பாடல்கள் நகலின் நகலாகக் கைமாறி வந்தவை. டேப்பை ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் "உஸ்ஸ்" சத்தம் ஏறும், கூர்மையான ஒலிகள் மங்கும்.

அந்த 1967 பதிவுகளை 2014ல் அதிகாரபூர்வமாகவே விரிவாக வெளியிட்டார்கள், மூல டேப்புகளைத் தேடி எடுத்து. அதே பாட்டு, அதே குரல், ஆனால் எவ்வளவோ தெளிவு!

ஆக, முதல் காரணம் மூலம். எம்பி3யிலிருந்து எடுத்து வினைலில் அடித்தால், எம்பி3யில் இல்லாதது வினைலில் எங்கிருந்து வரும்?

இரண்டாவது காரணம் வெட்டும் விதம். எல்பி சுற்றும்போது வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள் விளிம்பில் சுமார் 20 செ.மீ. தான். அதனால் கடைசிப் பாட்டில் ஒலி சிதையும் வாய்ப்பு அதிகம். ஒரே பக்கத்தில் நிறையப் பாட்டைத் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலி அளவைக் குறைக்க வேண்டும். நாம் வால்யூம் ஏற்றுவோம், கூடவே இரைச்சலும் ஏறும். இதையெல்லாம் சமாளிக்க அனுபவமுள்ள பொறியாளர் வேண்டும். அவசரத்தில் அடிப்பவர் அந்தச் செலவைச் செய்வாரா?

மூன்றாவது காரணம் பொறுப்பு. உறையில் உண்மையான பெயர் இல்லை, முகவரி இல்லை. தட்டு கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

எல்லா பூட்லெக்கும் மோசமா? இல்லை. நல்ல மூலம் கையில் கிடைத்து, நல்ல கைகள் வெட்டினால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

என் கருத்து இதுதான்.

லெனின்கிராடில் எலும்புத் தட்டு விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாத மக்களுக்குப் பாட்டைக் கொண்டு சேர்த்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். கையில் வாங்கியவருக்கும் அது எக்ஸ்ரே என்று கண்ணுக்கே தெரிந்தது.

இன்று முறையான பதிப்பு கிடைக்கும் பாட்டையே திருட்டுத்தனமாக அடித்து, பளபள உறை போட்டு, "வினைல்னா தனி ஃபீல்" என்று விற்பது வேறு. இதில் பாடியவருக்கும் பணம் போகாது, உங்களுக்கும் நல்ல ஒலி வராது.

எனவே, காசு கொடுக்கும் முன் மூன்று கேளுங்கள்.

எந்த மூலத்திலிருந்து எடுத்தது?
வெட்டிய பொறியாளர் யார்?
வெளியிட்ட நிறுவனம் எது?

பதில் வரவில்லையா? தட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த அம்மாவின் மகன் மறுநாள் ஒரிஜினல் பிலிமோடு வந்தார். லைட் பாக்ஸில் மாட்டினேன். மணிக்கட்டில் விரிசல், பளிச்சென்று தெரிந்தது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினோம்.