மனச்சிதைவும் மூளையின் வெண்பொருளும்

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர் பேச்சைக் குறைப்பதற்கும், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஒடுங்குவதற்கும் மூளையின் வெண்பொருள் பழுதடைந்ததே காரணம், அது சரியாகாது, ஆகவே அவர் இனி நாலு பேரோடு பழகி வாழமாட்டார் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளே வெண்பொருள். இழைகளைச் சுற்றியுள்ள மைலின் என்னும் கொழுப்புறை அதற்கு வெண்ணிறம் தருகிறது. செய்திகள் விரைந்து செல்வதும் அந்த உறையால்தான்.

வெண்பொருளில் வேறுபாடு இருப்பது உண்மை. 2018இல் வெளியான எனிக்மா என்ற கூட்டாய்வு 1,963 நோயாளிகளை நோயில்லாத 2,359 பேரோடு ஒப்பிட்டது. பார்த்த 25 பகுதிகளில் 20இல் நோயாளிகளின் ஸ்கேன் அளவீடு குறைந்திருந்தது. ஆனால் இது இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு, அதுவும் மிதமானது. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான நோயாளிகளின் அளவீடு மற்றவர்களின் வரம்புக்குள்ளேயே விழும். ஒருவரின் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து அவருக்கு மனச்சிதைவு என்றே சொல்ல முடியாது. அப்படியிருக்க, அவர் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறுவாரா, கடை வேலையில் நிலைப்பாரா என்பதை அந்தப் படம் எப்படிச் சொல்லும்?

பழுது என்ற சொல்லே பொருந்தாது. இந்த ஸ்கேன் அளப்பது நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதைத்தான். நல்ல இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இடத்திலும் அந்த அளவீடு குறையும். தலை சற்று அசைந்தாலும் மாறும்.

எது காரணம், எது விளைவு என்பதும் முடிவானதல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த சுண்டெலிகளை எட்டு வாரம் தனியே அடைத்தபோது அவற்றின் முன்மூளையில் மைலின் மெலிந்தது. மீண்டும் கூட்டத்தோடு விட்டபோது தேறியது. பால்குடி மறந்த குட்டிகளைத் தனிமைப்படுத்திய மற்றொரு ஆய்வில் அப்படித் தேறவில்லை; எந்த வயதில் தனிமை என்பது முக்கியம். எலிக்கு மனச்சிதைவு இல்லைதான். ஆனாலும் தனிமையே மைலினைக் குறைக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. விருந்தாளி வந்தால் நோயாளியை உள்ளறைக்கு அனுப்பும் வீடுகள் யோசிக்க வேண்டிய செய்தி இது. வளர்ந்த மனிதரின் வெண்பொருளும் கல்லாக உறைந்ததல்ல. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் ஆறு வாரம் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கப் பழகியவர்களிடம் அது மாறியிருந்தது.

இனிப் பழகமாட்டார் என்ற முடிவைக் காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் ஆட்டங்காணச் செய்கிறது. எல்லோருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை இருந்தது. ஒரு பகுதியினரை, கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள். வீட்டாருக்கு நோயைப் புரியவைத்தார்கள். வேலைக்கும் வெளியே பழகுவதற்கும் துணைநின்றார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து, நோய்க்குறிகளில் இரு பகுதியினருக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு இல்லை. தன்னைப் பராமரித்தல், பேச்சு, உறவு, வேலை ஆகியவற்றை வைத்து அளந்த இயலாமையோ, சிறிதளவே என்றாலும், பணியாளர்கள் வீடு தேடிச் சென்றவர்களிடம் உறுதியாகக் குறைந்திருந்தது.