புது சேர்வர் வந்திட்டுது, பழையதை என்ன செய்யப் போறம்?

எங்கட துறை அலுவலகத்தில் ஒரு பழைய சேர்வர் இருந்தது. அலுமாரிக்கும் போட்டோக்கொப்பி மெஷினுக்கும் நடுவில். நாங்கள் முதலாம் வருசம் வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறோம், ஆனால் அது என்ன செய்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கரண்ட் போனால் பக்கத்தில் இருக்கிற யுபிஎஸ் கத்தும், அலுவலக அக்கா ஓடிப்போய்ப் பார்ப்பா. அவ்வளவுதான் எங்களுக்கும் அதுக்குமான உறவு.

இந்த வருசம் புது சேர்வர் வந்தது. சனி, ஞாயிறுக்குள் வேலை முடிந்தது. திங்கட்கிழமை எல்லாருக்கும் சந்தோசம், பைல்கள் டக்கென்று திறக்குது. மூன்றாவது கிழமை நாங்கள் ஒரு விசயம் கேட்டுப் போனோம். 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வு பற்றி எங்களுக்கு முன் படித்த ஒரு அணி 2013இல் பதிவு செய்த நேர்காணல்கள். அக்கா தேடினா, திரும்பவும் தேடினா.

"பிள்ளையள், அந்தப் போல்டர் புதுசில இல்லையே."

நடந்தது இதுதான். சேர்வரை மாற்ற வந்த அண்ணாவிடம் எல்லாரும் பாவிக்கிற பொதுப் போல்டரை மட்டும் காட்டியிருக்கிறார்கள். அவர் அதை ஒரு பைல் விடாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறார். நேர்காணல்கள் இருந்தது இன்னொரு டிஸ்கில், எப்பவோ வேலையை விட்டுப்போன ஒரு தற்காலிக விரிவுரையாளரின் பெயரில் இருந்த போல்டருக்குள். அவர் கேட்கவில்லை, எவரும் சொல்லவும் இல்லை.

பழைய சேர்வர் கழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் ஏறி, நடைபாதையில் உடைந்த கதிரைகளோடு நின்றது. நாங்கள் கெஞ்சிக் கேட்டு அதைத் திரும்ப உள்ளே எடுப்பித்தோம். டிஸ்க் வேலை செய்தது. பதிவுகளும் இருந்தன. அந்த நேர்காணலில் பேசிய அம்மம்மாமாரில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் அவர்களின் குரலும் இல்லை.

"அது ஐடி ஆக்களின்ட வேலை, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கலைப்பீடத்தில் நாங்கள் எல்லாரும் சொல்கிறோம். இந்த வசனம்தான் எங்கட பிரச்சினை என்று இப்போது நினைக்கிறோம். டிஸ்க், கேபிள், பாஸ்வேர்ட் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்தப் போல்டருக்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது அலுவலக அக்காவுக்கும், பழைய விரிவுரையாளர்களுக்கும், எங்களுக்கும்தான் தெரியும்.

மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைல்களில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று வந்து ஒரு அரைப்புள்ளியோடு நிற்கும். இது தெரியாத ஒருவர் பார்த்தால் பைல் பழுதாகிவிட்டது என்று அழித்தும் விடுவார். யுனிகோட்டுக்கு மாற்றினாலும் மூலப் பிரதியை வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஆங்கிலச் சொற்கள் வந்த இடங்களை மாற்றிகள் குழப்பிவிடும். இதையெல்லாம் வாசித்துப் பார்த்துச் சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"இரண்டு டிஸ்க் போட்டிருக்கு, ஒன்று போனாலும் மற்றது இருக்கும்" என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் அது உதவும், உண்மைதான். ஆனால் ஒரு பைலை யாரும் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். அதைப் பக்கப் என்று சொல்ல முடியாது.

"அப்ப எல்லாத்தையும் கிளவுட்டில போடுவம்" என்று அடுத்த பதில் வந்தது. 2023ஐ மறந்துவிட்டோமா? அந்த வருசம் ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்குரிய பக்கப் இருக்கவில்லை. மின்னஞ்சலை நடத்திய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளுக்கான ஆதரவு அதே வருசம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுசுக்கு மாறும் திட்டம் நிதி இல்லை என்பது உட்படப் பல காரணங்களால் தள்ளிப்போயிருந்தது. நாட்டின் அமைச்சரவைக்கே நடந்தது எங்கட துறைக்கு நடக்காதா?

காசில்லை என்பதும் பொய்யில்லை. 2022இல் டொலர் ஏறிய வேகத்தில் எந்த அலுவலகம் சேர்வர் வாங்கியிருக்கும்? 13 மணித்தியால மின்வெட்டுக்கு எந்த யுபிஎஸ் தாங்கும்? புது மெஷினைப் பிந்தி வாங்கியதுக்கு நாங்கள் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கேட்கிறவற்றில் அநேகமானதுக்குக் காசு தேவையில்லை.

மாற்றத் தொடங்க முன்னர் ஒரு பட்டியல் எழுதுங்கள். அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய், தினமும் திறக்கிறது எது, பரீட்சைக் காலத்தில் மட்டும் திறக்கிறது எது, வருசத்துக்கு ஒருக்கா திறக்கிறது எது என்று கேளுங்கள். பட்டமளிப்புப் பட்டியல் போன்றவை இல்லாமல் போனது பட்டமளிப்பு வரும்போதுதான் தெரியும். அதனால் பழைய சேர்வரை ஒரு செமஸ்டராவது, முடிந்தால் ஒரு வருசம், அழிக்காமல் வைத்திருங்கள்.

'கொப்பி முடிந்தது' என்று திரையில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கத்திலும் பைல்களின் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். சிலவற்றைத் திறந்து வாசியுங்கள், ஒலிப்பதிவு என்றால் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுக் கேளுங்கள். பக்கப்பிலிருந்து ஒரு போல்டரைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பக்கப்பை நம்ப முடியாது. ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, எங்களுக்கு உண்மையில் பயமாக இருந்ததும் இதுதான். நடைபாதையில் நின்ற அந்தப் பெட்டிக்குள் டிஸ்க் அப்படியே இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த நேர்காணல்களில் ஆக்கள் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாணவப் பிள்ளைகளை நம்பிச் சொன்னது அது. பைலை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினால் தரவு போய்விடாது, மீட்க மென்பொருட்கள் இருக்கின்றன. டிஸ்கை முழுதாக மேலெழுதி அழிக்க வேண்டும், இல்லையென்றால் கழற்றி உடைக்க வேண்டும். அதுவும் உள்ளே இருக்கிறது எல்லாம் பத்திரமாக வந்துவிட்டது என்று உறுதியான பிறகு.

இப்போது பழைய சேர்வர் திரும்பவும் அலுவலகத்துக்குள் நிற்கிறது. இந்த செமஸ்டர் முடியும்வரை வைத்திருக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் சிலர் அக்காவோடு இருந்து போல்டர் போல்டராகப் பார்த்துப் பட்டியல் எழுதுகிறோம். உங்கட துறையிலும் இப்படி ஒரு பெட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கும். அது நடைபாதைக்கு வர முன்னர் போய்க் கேளுங்கள்.