கட்டின காசுக்கு இன்னொருக்கால் காசு

எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கிறது. மீன்கடையில் ஐம்பது சதத்துக்காக அரை மணித்தியாலம் நின்று பேரம் பேசுவோம். ஆனால் ஒரு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் ஆங்கிலத்தில் 'இன்னும் இவ்வளவு கட்டவேண்டும்' என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் கட்டிவிட்டு வந்துவிடுவோம். பொதி அனுப்புகிற இடங்களில் இதைக் கன தரம் பார்த்திருக்கிறேன். இணையத்தில் முன்கூட்டியே கட்டின தடமறிதல் கட்டணத்தை, கவுண்டரில் இரண்டாம் தரம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து டொலர் விசயம்தானே என்று விடலாம். எனக்கு விட மனமில்லை.

என்னோடு சமையலறையில் வேலை செய்கிற பெடியன் ஒருவன், கிளிநொச்சிப் பக்கம். மொன்றியலில் இறங்கி அகதிக் கோரிக்கை வைத்தவன், வழக்கறிஞரும் அங்கேதான். வேலை கிடைத்ததால் ரெக்ஸ்டேலுக்கு வந்து கிப்ளிங் பக்கம் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறான். வழக்கறிஞர் கந்தோரில் மூலப் பத்திரங்களைக் கேட்டார்கள். காசு கட்டின லேபலையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள், அச்சடித்து உறையில் ஒட்டினால் சரி. உறைக்குள் இருந்தவை அவனுடைய பிறப்புச் சான்றிதழ், தகப்பனுடைய மரணச் சான்றிதழ், தமையனைக் காணவில்லை என்று தாய் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு. கனடாவின் அகதிச் சபையில் விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்னராவது சான்றுகளைச் சமர்ப்பித்துவிட வேண்டும் என்பது விதி. பிந்தினால் ஏன் பிந்தியது என்று விளங்கப்படுத்த வேண்டும்.

பல கம்பனிகளின் பொதிகளையும் வாங்குகிற ஒரு கடைக்குப் போனோம். எந்தக் கடை, எந்தக் கம்பனி என்று எழுதப் போவதில்லை. அங்கே நின்ற பிள்ளை உறையைப் பார்த்துவிட்டு, லேபல் சரி, ஆனால் தடமறிதல் வேண்டுமென்றால் தனியாகக் கட்டவேண்டும் என்றாள்.

"விடுங்கோ அண்ணை, கட்டிப்போட்டுப் போவம்" என்று பெடியன் பேர்ஸை எடுத்துவிட்டான்.

காசு போனால் பரவாயில்லை என்று நினைக்கிற ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புதிதாகக் கட்டினால் புதிய லேபல் வரும், அதில் புதிய எண் வரும். மொன்றியலில் இருக்கிறவர்கள் பழைய எண்ணைத்தான் கணினியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த எண் 'லேபல் உருவாக்கப்பட்டது' என்ற இடத்திலேயே நிற்கும். உறையே அனுப்பவில்லை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். போதாக்குறைக்கு ஒரே உறையில் இரண்டு பார்கோட் இருந்தால், எதை எந்த இயந்திரம் வாசிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

காசு வாங்க முன்னம் லேபலை ஒருக்கால் ஸ்கான் பண்ணச் சொல்லிக் கேட்டேன். அவள் தயங்கினாள், பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டார். நான் நகரவில்லை. மனேஜர் வந்தார், ஸ்கான் பண்ணினார். திரையில் எல்லாம் இருந்தது: கட்டணம் கட்டியாயிற்று, தடமறிதலும் அதற்குள்ளேயே. உறையை ஏற்றுக்கொண்டதற்குத் துண்டு அடித்துத் தந்தார்கள். லேபலில் இருந்த அதே எண் துண்டிலும் இருக்கிறதா என்று பெடியனை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொன்னேன்.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அவளும் என்னைப்போல மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிறவள். நாலு கம்பனிக்கு நாலு விதி, அதை யாரும் இருத்திச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கோபமெல்லாம், தபாலுக்கு ஒரு விலை, அது போய்ச் சேர்ந்ததா என்று அறிவதற்கு இன்னொரு விலை என்று பிரித்து வைத்தவர்களில்தான்.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. அமெரிக்கத் தபால் சேவையில் 1999 இல் 'டெலிவரி கொன்ஃபர்மேஷன்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிரயோரிட்டி மெயிலுக்கு அதை இணைய வழியாக, அதாவது மின்னணு முறையில் எடுத்தால் இலவசம், கவுண்டரில் எடுத்தால் காசு. சேவை ஒன்று, விலை இரண்டு! 2013 சனவரியில்தான் தடமறிதலைப் பிரயோரிட்டி மெயில் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பிரயோரிட்டி மெயிலில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. மற்றவர்களும் செய்யவேண்டியது அதுதான் என்பது என் கருத்து. அதுவரைக்கும் லேபலிலேயே 'தடமறிதல் கட்டியாயிற்று' என்று கொட்டை எழுத்தில் அடித்தால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. பொதியில் பார்கோட் இருக்கிறது, ஆகவே தடமறிதல் இருக்கிறது என்று நம்புவது. 2021 சனவரி 1 முதல், பொருட்கள் உள்ள சர்வதேசத் தபாலுக்கெல்லாம் சுங்க விபரத்தை மின்னணு முறையில் முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்று உலகத் தபால் ஒன்றியத்தில் விதி வந்தது. அதனால் மலிவான சின்னப் பொதிக்கும் ஒரு பார்கோட் வந்துவிட்டது. அந்த எண் ஆங்கிலத்தில் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கினால் அது சுங்கத்துக்கு மட்டும்தான். தடமறிதலுக்கு யாரும் காசு கட்டவில்லை, அதைத் தேடிப் பிரயோசனமும் இல்லை. கனடா போஸ்ட்டின் சர்வதேச 'ஸ்மோல் பக்கெற்' சேவைக்கும் தடமறிதல் கிடையாது. அம்மாவுக்கு மருந்து அனுப்பிவிட்டு இரண்டு கிழமையாக அந்த எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

சர்வதேசத் தபால் எண்ணில் முன்னுக்கு இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டுக்குரிய இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கு. முதல் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மிச்சத்தை 11 இலிருந்து கழித்தால் ஒன்பதாவது வரவேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. யாழ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போய், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடின கையோடு படிப்பும் நின்றுபோனவன் நான். படித்த கணிதத்தில் இங்கே எனக்கு உதவினது இவ்வளவுதான். எண் பிழையாக எழுதுப்பட்டிருக்கிறது என்று கந்தோருக்குப் போக முன்னமே கண்டுபிடித்துவிடலாம்.

அப்பா வாத்தியார். பதிவுத் தபால் போட்டால் சிட்டையை மடித்து அலுமாரியில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைப்பார். வீட்டை விட்டு ஓடேக்கை சாப்பாட்டுச் சாமானுக்கு முன்னம் அந்தத் தகரம்தான் சைக்கிளில் ஏறினது. சிட்டை இல்லாட்டில் கடிதம் போடேல்லை எண்டுதான் அர்த்தம் என்பார். காணாமல் போனவர்களைத் தேடிக் கந்தோர் கந்தோராக எழுதின தாய்மாரிடம், இன்றைக்கும் கையில் மிஞ்சியிருப்பது இந்தச் சிட்டைகள்தான். அதனால்தான் எனக்கு இது பத்து டொலர்க் கணக்காகத் தெரியவில்லை.

இப்போது தொலைபேசிக்கு வருகிற குறுஞ்செய்திகளையும் சொல்லவேண்டும். 'உங்கள் பொதி நிற்கிறது, தடமறிதல் கட்டணம் கட்டுங்கள்' என்று ஒரு இணைப்போடு வரும். தடமறிதலுக்குக் கட்டுகிறவர் அனுப்புகிறவர், பெறுகிறவர் இல்லை. பெறுகிறவரிடம் கேட்கக்கூடியது சுங்கவரியும், அதை வசூலிப்பதற்குக் கனடா போஸ்ட் எடுக்கிற 9.95 டொலரும்தான். அந்த இணைப்பை அமத்தாமல் அழித்துவிடுங்கோ.

ஊரிலிருந்து யாரும் பத்திரம் அனுப்புவதாக இருந்தால், 'ஆர்' எழுத்தில் தொடங்குகிற பதிவுத் தபால் எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. சிட்டையைப் படமெடுத்து வைபரில் அனுப்பட்டும். அசல் சிட்டையை எறியவேண்டாம் என்றும் சொல்லுங்கோ. அந்தப் படத்தில் கடைசி இலக்கம் விரலுக்குள் மறைந்துதான் வரும், திருப்பி எடுக்கச் சொல்லவேண்டியிருக்கும்.