நட்டதோடு சரி

பாரூர் பெரிய ஏரியின் கிழக்கு, மேற்கு வாய்க்கால்களை நம்பி ஏறக்குறைய 2,400 ஏக்கர் இருக்கிறது. நெடுங்கல் அணைக்கட்டு வழியே தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் ராகி. இந்த வரப்புகளிலும் மேட்டு நிலங்களிலும் தேக்கு வைத்தோமே, ஏன் வைத்தோம்? ஒளிக்காமல் பேசுவோம். பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனார்கள். களையெடுக்க ஆள் இல்லை. மரத்துக்கு ஆள் வேண்டாம் என்று நினைத்தோம்.

தேக்குக்கு ஆள் வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 2,500 கன்று வைத்தால், நாலைந்து வருடத்தில் தலைகள் முட்டிக்கொள்ளும். அப்போது ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால்தான் நிற்பது பருக்கும். வளர்ந்ததை வெட்ட நமக்கு மனம் வரவில்லை. பக்கக் கிளைகளை இளசிலேயே கழிக்கவும் இல்லை. அவை கணுக்களாகப் பலகைக்குள் போய்விட்டன. பதினைந்து வருடம் கழித்து அறுத்துப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, நடுவில் கொஞ்சம் வைரம். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தோம். கேரளத்தின் நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியும் வன அதிகாரி சாத்து மேனனும் வைத்த தேக்கில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. வைப்பதைவிடக் கலைப்பதில்தான் தேக்கின் கணக்கு இருக்கிறது என்பதைப் பக்கத்து மாநிலத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

சந்தனத்தையும் இப்படித்தான் செய்தோம். பட்டா நிலத்துச் சந்தனம் உழவருக்கே சொந்தம் என்று 2002-ல் சட்டம் மாறியதும் ஆசையோடு வைத்தோம். பக்கத்துச் செடியின் வேரில் சத்தெடுத்து வளரும் மரம் அது. துணைச்செடி இல்லாமல் தனியே வாட விட்டோம்.

2021-ல் அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் வந்தது. தேக்கு, மகோகனி, செம்மரம், வேங்கை எல்லாம் இலவசம். வரப்பில் ஏக்கருக்கு 50, தோப்பாக என்றால் 160. பிழைத்த கன்றுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. கன்று வாங்க வரிசையில் நின்ற நாம், பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற நிற்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் மரத்தை ஏற்றவும் இல்லை. வெட்டும் நாளில் நம் மரம் என்று காட்ட வேறு எது இருக்கிறது?

இவற்றைவிட என்னை உறுத்துவது வரப்பு. இங்கே யாருக்கும் பரந்த நிலம் கிடையாது. அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும்தான். நம் தேக்கின் நிழல் பக்கத்து நிலத்துக்காரரின் ராகியில் விழுகிறது, வேர் அவர் நீரைக் குடிக்கிறது. பொது வரப்பில் கன்று வைத்தபோது அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.