தோள் உதைச்சாத்தான் தோட்டாவா?



மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற பருவம் வந்துட்டா எங்க ஊர்ல ராத்திரிப் பேச்சு முழுக்கக் காட்டுப்பன்னியைப் பத்தித்தான். அது சுத்திச் சுத்திக் கடைசியில துப்பாக்கியில வந்து நிக்கும். அப்ப ஒருத்தராவது சொல்லுவாங்க: "தோள்ல நல்லா உதைச்சாத்தானுங்க அது தோட்டா. மத்ததெல்லாம் தீபாவளிப் பட்டாசு."

இந்தப் பேச்சைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். குறி பழகறதுக்கு உதை குறைஞ்ச தோட்டாதான் சரி. அது வெறும் சொகுசுக்காக இல்லீங்க. சுத்தி இருக்கிற மனுசங்க, ஆடு மாடு எல்லாத்தோட பாதுகாப்பும் அதுல இருக்கு.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு விசயம் சொல்லிடறேன். பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி எங்க பக்கம் சில வீடுகள்ல உண்டு. எங்கப்பா காலத்து ரெட்டைக்குழல் 12 போர் ஒண்ணு எங்க வீட்டுலயும் இருக்கு. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸைப் புதுப்பிக்கணும். எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டு, முடிஞ்சப்புறம் வாங்கிட்டு வரணும். இது இருக்குதுன்னு பன்னியைச் சுட்டுட முடியாது. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால வனத்துறைக்காரங்கதான் சுடலாம். கேரளாவுல 2022-ல இருந்து உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி குடுத்து, லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளுங்களை வெச்சே சுடறாங்க. நாளைக்கு இங்கயும் அப்படி வரணும்னு கேக்கறவங்க நிறையப் பேர். கேக்கட்டும். ஆனா சுடப்போற ஆளுக்குக் கை பழகியிருக்கான்னு யாரும் கேக்கறதில்லை.

உதை எங்க இருந்து வருது? பள்ளிக்கூடத்துல படிச்ச நியூட்டன் விதிதான். ஈயம் முன்னால போனா துப்பாக்கி பின்னால வரும். எத்தனை ஈயம், எவ்வளவு மருந்து, என்ன வேகம், துப்பாக்கி என்ன எடை, இந்த நாலும்தான் கணக்கு. 12 போர் தோட்டாவுல 24 கிராம் ஈயம் போட்டதும் உண்டு, 36 கிராம் போட்டதும் உண்டு. ரெண்டும் ஒரே வேகத்துல போறதா வெச்சுக்குங்க. ஈயம் ஒன்றரை மடங்குதான், ஆனா தோள்ல இறங்கற சக்தி ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஏன்னா, துப்பாக்கி பின்னால வர்ற வேகம் கூடக்கூட, இடி அந்த வேகத்தோட வர்க்கத்துல ஏறுது. துப்பாக்கி எடை கூடினா நேர் எதிர். ஒரே தோட்டாவை 3 கிலோ துப்பாக்கியில போடறதுக்கும் 4 கிலோ துப்பாக்கியில போடறதுக்கும் இடி கால்வாசி குறையும். தூக்கிட்டு நடக்க லேசா இருக்குன்னு வாங்கின துப்பாக்கி, சுடறப்ப அதுக்கு வட்டி கேக்கும்.

அதனால தோட்டா வாங்கறப்ப பொட்டியில போட்டிருக்கிறதைப் படிங்க. பழகறதுக்கு 24 கிராம், மிஞ்சினா 28 கிராம். சில பொட்டியில அவுன்ஸ் கணக்குல இருக்கும். ஒரு அவுன்ஸ்னா 28 கிராம், ஒண்ணேகால் அவுன்ஸ்னா 35 கிராம். ஈயம் ஒண்ணா இருந்தாலும் வேகம் குறைஞ்ச தோட்டா மெதுவா உதைக்கும். குண்டு அளவு 7½, 8 மாதிரிப் பொடிசா இருந்தாப் போதும். எல்ஜி, எஸ்ஜின்னு பெருங்குண்டு போட்ட தோட்டாவை வெச்சுப் பழகறது, காசையும் தோளையும் ஒண்ணாக் கரைக்கிற வேலை. இன்னொண்ணு, இது உதையை விட முக்கியம். பழைய துப்பாக்கி நிறையத்துல தோட்டா உக்கார்ற அறை 65 மி.மீ. தான் இருக்கும். இப்பக் கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. உள்ள போயி உக்காந்துக்கும், ஆனா வெடிக்கிறப்ப வாய் விரிய இடமில்லாம அழுத்தம் ஏறும். குழல்ல என்ன அளவு பொறிச்சிருக்குன்னு பாருங்க. தெரியலைன்னா துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்டக் காட்டாம ஒண்ணும் போடாதீங்க.

சரி, கொஞ்சம் உதைச்சா என்ன, ஆம்பளை தாங்க மாட்டானான்னு கேப்பீங்க. தாங்குவான். பிரச்சினை தோளுக்கு இல்லீங்க, மூளைக்கு. ரெண்டு தடவை பலமா இடி வாங்கின உடம்பு, மூணாவது தடவை விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே தயாராயிடும். கண்ணு மூடும், தோள் முன்னால தள்ளும், குழல் முனை கீழ இறங்கும். சுடறவருக்கு இது நடக்கறதே தெரியாது. வெடிச்சத்தமும் இடியும் அதை மறைச்சுடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. ரேஞ்சுல, பக்கத்துல நிக்கறவர் நம்ம கண்ணுல படாம தோட்டா போடணும், நடுநடுவுல டம்மி தோட்டாவையும் கலந்து. எங்க பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருத்தர், முப்பது வருசமாத் துப்பாக்கி வெச்சிருக்கிறவர், இப்படிச் சுட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். டம்மி விழுந்தப்ப வெடி வெடிக்கலை, ஆனா குழல் ஒரு சாண் கீழ போயிட்டு வந்துச்சு. "என்ன மாப்ள, நானா இப்படிப் பண்ணேன்?"ன்னு அவரே மலைச்சுப் போனார். அப்புறம் 24 கிராம் தோட்டாவுலயே நாலஞ்சு தடவை போயிப் பழகினார். இப்ப டம்மி விழுந்தாலும் குழல் அசையறதில்லை.

குழல் முனை விரக்கடை இறங்கினா என்ன ஆகும்? தட்டுல குறி தவறினா மார்க் போகும், அவ்வளவுதான். தோட்டத்துல அப்படி இல்லை. பெருங்குண்டு அரை கிலோமீட்டர் தாண்டியும் போகும். அந்த அரை கிலோமீட்டருக்குள்ள எங்க ஊர்ல சாளை இருக்கு, பட்டி இருக்கு, ராத்திரித் தண்ணி கட்டற ஆள் இருக்காங்க. பன்னி மேலயே பட்டாலும், சரியான இடத்துல படலைன்னா அது காயத்தோட புதர்ல போயிப் படுத்துக்கும். விடிஞ்சு அந்தப் பக்கம் புல்லறுக்கப் போற பொம்பளைங்க கதியை யோசிச்சுப் பாருங்க.

"லேசான தோட்டாவுல பழகிட்டு, நெசமான தோட்டா போடறப்பத் திணற மாட்டானா?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஒலிம்பிக்ஸ் டிராப் போட்டியில பறக்கிற தட்டைச் சுடறாங்களே, அதுல அனுமதிச்ச ஈயமே 24 கிராம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டதும் அந்த அளவுதான். தகுதிச் சுற்றுல மட்டும் 125 தட்டு. பயிற்சியில இன்னும் எத்தனையோ மடங்கு. பெரிய இடி வாங்கிட்டு அத்தனை வெடி யாராலும் ஒழுங்காச் சுட முடியாது. குறி வர்றது எண்ணிக்கையில. எண்ணிக்கை வேணும்னா உதை குறையணும். கை நிலைச்சப்புறம் கடைசியில ரெண்டோ மூணோ கனத்த தோட்டா போட்டு, குண்டு எப்படி விரியுதுன்னு காகிதத்துல பார்த்துக்கிட்டாப் போதும்.

காளைக்கன்னைப் பழக்கறவங்களுக்கு இது தெரியும். முதல் நாளே பாரம் ஏத்தின வண்டியில யாரும் பூட்ட மாட்டாங்க. வெறும் நுகத்தடி, அப்புறம் சின்னக் கட்டை, அப்புறம் வெறும் வண்டி. முதல் நாளே பாரம் இழுத்து மிரண்ட காளை ஆயுசுக்கும் நுகத்தடியைக் கண்டாப் பின்வாங்கும்.

டவுன்ல புள்ளைங்களை ரைபிள் கிளப்புல சேர்க்கிறவங்களுக்கும் இதேதான். ஏர் ரைபிள்ல போடற 4.5 மி.மீ. பெல்லட் அரை கிராம்தான். பாயிண்ட் 22 ரைபிள் தோட்டாவுல ஈயம் ரெண்டரை கிராம் சொச்சம். உதைன்னு சொல்ல ஒண்ணும் இல்லை. அங்க இருந்து தொடங்கட்டும். போட்டோ எடுக்க ஆசைப்பட்டு முதல் நாளே 12 போரைக் கையில குடுக்காதீங்க. காதுக்கு மூடி கட்டாயம். 12 போர் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், அது காதைக் கெடுக்கிற அளவு. பயத்துல பாதி அந்தச் சத்தத்துலதான் வருது. கட்டையைத் தோள் குழியில அழுத்தி வெக்கணும், பின்னால ரப்பர் பட்டை இருந்தா இன்னும் நல்லது. லூசாப் பிடிச்சா லேசான தோட்டாவும் அடிக்கும்.

நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து கெட்டிக்கிறப்ப "இன்னும் ஒரு விரக்கடை"ன்னு ஏத்தறது வீரம் இல்லை. ஏத்தின மருந்து குண்டைத் தள்ளறதோட நிக்காது, பழைய குழலையும் பிளக்கும்.

இதெல்லாம் ரேஞ்சுலதான். தோட்டத்துல தகர டப்பாவைக் கட்டி வெச்சுப் பழகற வேலை வேண்டாம். அங்கதான் சிக்கல். எங்க மாதிரி ஊர்ல இருந்து ரேஞ்சுக்குப் போகணும்னா ஒரு நாள் வேலை கெடும், வருசத்துக்கு வாங்கற தோட்டாவுக்கும் லைசென்ஸ்ல கணக்கு இருக்கு. 2016 ஆயுத விதிகள்ல, லைசென்ஸ் கேக்கறவங்க பாதுகாப்புப் பயிற்சி எடுக்கணும்னு இருக்கு. நல்லது. ஆனா ஒரு தடவை வாங்கின சர்டிபிகேட் கைப்பழக்கம் ஆகாது. புதுப்பிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் ரேஞ்சுல கூப்பிட்டு, லேசான தோட்டா குடுத்து, நடுவுல டம்மி கலந்து சுடச் சொல்லுங்க. குழல் ஆடாதவங்களுக்குக் கையெழுத்துப் போடுங்க. ஆடறவங்களைத் திருப்பி அனுப்பாம இன்னும் ரெண்டு பொட்டி பழகச் சொல்லுங்க. அதுக்கு வேண்டிய தோட்டாவை வருசக் கணக்குல சேர்க்காம ரேஞ்சுலயே விக்கட்டும்.

அப்படி ஒரு நாள் வெச்சாங்கன்னா, எங்க ஊர்ல இருந்து முதல் ஆளா அந்த மாமா வருவார். ரெண்டாவது ஆள் நான்.