தொப்பி மட்டும் பாத்திரம் ஆகாது

எழுதிய உரையாடல் இல்லை, ஒத்திகை இல்லை. மேடையேறிய பின் வாய்க்கு வந்ததைப் பேசினால் போதும், அதுவே எழுதா நாடகம் என்று நம்மவர் சிலர் எண்ணுகின்றனர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். உரையாடலை எழுதாது விடலாம். பாத்திரத்தை உருவாக்காது விடலாகாது.

இக்கலைக்கு வழி வகுத்தோரே இதற்குச் சான்று. 1930களின் இறுதியில் சிகாகோ நகரில், குடியேறிகளின் பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் வழியே நடிப்பைக் கற்பித்தவர் வயோலா ஸ்போலின். 1963இல் வெளிவந்த தம் நூலில் அவர் வற்புறுத்தியவை மூன்று: நான் யார்? எங்கே இருக்கிறேன்? என்ன செய்கிறேன்? 'சிரிக்க வை' என்பது அம்மூன்றில் இல்லை!

கீத் ஜான்ஸ்டன் 1979இல் எழுதிய 'இம்ப்ரோ' என்னும் நூல் உயர்வு தாழ்வைப் பற்றிப் பேசுகிறது. தலையை அசைக்காது பேசுபவன் உயர்ந்து தோன்றுகிறான். அடிக்கடி முகத்தைத் தொடுபவன் தாழ்ந்து தோன்றுகிறான். இது பதவியால் வருவதன்று, நடத்தையால் வருவது. முதலாளியை வேலைக்காரன் விஞ்சி நிற்கும்போது அங்கே நாடகம் பிறக்கிறது.

நம் விழா மேடைகளில் நடப்பதென்ன? 'முஸ்லிம் வியாபாரி' என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு தொப்பி, ஓர் ஒட்டுத்தாடி, 'நம்பள்கி நிம்பள்கி' என்னும் பேச்சு! உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடிய சமுதாயத்திற்கு இக்கொச்சை மொழியைத் தந்தது யார்? திரைப்படம் தந்தது, நம் பிள்ளைகளும் கைதட்டலுக்காக அதையே வாங்கிக்கொண்டனர். இதுவே நம் வேதனை.

'வேடிக்கைதானே' என்பர். இத்தாலியில் முகமூடியணிந்து, எழுதிய உரையாடலின்றி நடித்த பழைய நடிகர்களும் வேடிக்கையே காட்டினர். ஆனால் அவர்களுடைய வணிகன் பந்தலோனேக்குப் பணத்தின்மீது தணியாத ஆசை இருந்தது. நம் வியாபாரிக்கோ தொப்பியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதே வியாபாரியை மஃரிபு பாங்கு சொல்லும் வேளையில் கடையில் நிறுத்துங்கள். எதிரே நிற்பவர், பாக்கி தரவேண்டியவர். சிறுவயதில் அவனுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை. பணமோ இன்றே வேண்டும். கேட்கவோ நா எழவில்லை. இப்போது அவன் மனிதன். அவன் பேசும் தமிழ் தன் வீட்டில் உம்மாவிடம் பேசும் தமிழாகவே இருக்கும். சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

பிள்ளைகளை மேடையேற்றும் பெற்றோரே, ஆசிரியர்களே! 'நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?' என்று முதலில் கேளுங்கள். விடை தெரியாத பிள்ளையின் கையில் தொப்பியைக் கொடுக்காதீர்கள்.